தீனி குறையவில்லை, ஆடு மட்டும் மெலிகிறது

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பாத்தர்ஸ்ட் நகரப் பக்கம், 1980-இல் செம்மறிகளுக்கு ஜோன்ஸ் நோய் இருப்பது அந்த நாட்டில் முதன்முதலாகத் தெரியவந்தது. ஆடு வழக்கம்போல மேயும். ஆனாலும் மாதக்கணக்கில் மெலிந்து, எலும்பும் தோலுமாகிச் சாகும். மாட்டுக்கு வருவதுபோலக் கழிச்சலும் பெரும்பாலும் இருக்காது. அதனால் குடற்புழு என்றோ மேய்ச்சல் போதவில்லை என்றோ நினைத்துவிடுவது எளிது.

காரணம், காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு பாக்டீரியா. புல்லோடும் மண்ணோடும் குட்டி அதை விழுங்குகிறது. சிறுகுடலின் கடைப்பகுதியில் காவல் நிற்கும் செல்கள் அதைப் பிடித்து விழுங்குகின்றன. கொல்லவேண்டிய அந்தச் செல்லுக்குள்ளேயே கிருமி குடியேறிப் பெருகுவதுதான் வினை. உதவிக்கு மேலும் மேலும் செல்கள் வந்து குவிய, குடல் சுவர் தடித்துப்போகிறது. தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. இப்படி முற்ற பெரும்பாலும் 2 வருடத்துக்கு மேலாகும். அதற்கு முன்பே புழுக்கையில் கிருமி இறங்கத் தொடங்கிவிடும். முற்றிய ஆட்டின் ஒரு கிராம் புழுக்கையில் 10 கோடி கிருமிகள்கூட இருக்கலாம். நிழலான இடத்தில் அவை 55 வாரம் வரை உயிரோடு இருந்ததைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

2002-இல் அங்கே குடேர் என்ற தடுப்பூசி புழக்கத்துக்கு வந்தது. கொல்லப்பட்ட கிருமியைக் கனிம எண்ணெயில் கலந்த மருந்து. 4 முதல் 16 வார வயதுக் குட்டிக்கு, காதுக்குப் பின்னால் கழுத்தின் மேல்பகுதியில், தோலுக்கடியில் 1 மில்லி. ஆயுளுக்கும் ஒரே ஊசி. எண்ணெய் அங்கேயே தங்கிக் கிருமியின் துணுக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால், டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) அவற்றை நன்றாக அடையாளம் பழகிக்கொள்கின்றன. அப்புறம் நிஜக் கிருமி வந்தால், அதை விழுங்கிய செல்லைத் தூண்டி அழிக்கவைக்கின்றன. (எண்ணெயால் ஊசி போட்ட இடத்தில் கட்டி வருவதுண்டு. தவறிப்போய் நம் கையில் குத்திவிட்டால் வீங்கி, அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம். உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும்.)

சரி, ஊசி போட்டால் நோய் ஒழிந்துவிடுமா? இல்லை. நோயுள்ள 3 மந்தைகளில் நடந்த சோதனையில் இந்த நோயால் வரும் சாவு சுமார் 90 சதவீதம் குறைந்தது. புழுக்கையில் கிருமி இறங்குவதும் ஒரு வருடம்போலத் தள்ளிப்போனது. ஆனாலும் ஊசி போட்ட சில ஆடுகள் கிருமியை ஏராளமாக வெளியேற்றின. என்னைக் கேட்டால், இந்த ஊசியால் ஆட்டைவிட மேய்ச்சல் நிலத்துக்குத்தான் பலன் அதிகம். வருடாவருடம் குட்டிகளுக்குப் போடப்போட மண்ணில் விழும் கிருமி குறையும்; அடுத்த ஈற்றுக் குட்டிகள் விழுங்குவதும் குறையும். சாவு நின்ற மந்தையிலும் கிருமியை ஏராளமாக வெளியேற்றும் ஒன்றிரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கலாம். அதனால் அந்த வருடம் பிறந்த குட்டிகளுக்கும் ஊசி போட்டாகவேண்டும்.