ஓடுபாதைக்கு முன்னால் ஒரு வரிசை

மட்டக்களப்பில் இருந்து டோகாவுக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் இரவோடிரவாக வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேருகிறார்கள். விமானத்தின் கதவு மூடி, அது நகரத் தொடங்கிய பிறகும் சில வேளை ஓடுபாதை ஓரத்தில் நிற்க வேண்டிவருகிறது. அங்கே ஓடுபாதை ஒன்றுதான், இறங்குவதும் ஏறுவதும் அதில்தான். ஆனால் பல ஓடுபாதைகள் உள்ள பெரிய விமான நிலையங்களிலும் வரிசை நிற்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு விமானத்தை அனுப்ப 2 நிமிடம், அதாவது மணிக்கு 30 என்று வைப்போம். விமானங்கள் நேர ஒழுங்கில்லாமல் வருகின்றன. மணிக்கு 15 வந்தால் சராசரிக் காத்திருப்பு 1 நிமிடம். 24 வந்தால் 4 நிமிடம். 27 வந்தால் 9. கொள்ளளவின் 95 சதவீதத்தைத் தொட்டால் 19 நிமிடம்! ஓடுபாதை இன்னும் நிரம்பவில்லை, வரிசை மட்டும் நீள்கிறது.

காரணம், சும்மா கிடந்த 2 நிமிடத்தைச் சேமித்து வைக்க முடியாது என்பதுதான். மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்கள்தான் போக முடிந்தது. பாலம் வெறுமையாகக் கிடந்த நேரம், பிறகு வண்டிகள் சேர்ந்து வந்தபோது யாருக்கும் உதவவில்லை. 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்த டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் தொடக்கிவைத்த வரிசைக் கணிதம் இதைத்தான் அளக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விடயமும் இதுவே.

நிஜத்தில் அந்த 2 நிமிடமும் நிலையானதல்ல. பெரிய விமானம் எழும்பினால் பின்னால் சுழல்காற்று விட்டுப்போகும். அதன்பின் போகும் நடுத்தர விமானம் 2 நிமிடமும், முன்னால் போனது ஏ380 என்ற மிகப் பெரிய விமானம் என்றால் 3 நிமிடமும் பொறுக்க வேண்டும். பெரியவற்றை அடுத்தடுத்து அனுப்பினால் இந்த இடைவெளிகள் குறையும். அதனால் யார் முன்னே போவது என்பதும் கணக்கில் சேருகிறது.

அதோடு விமானங்கள் நாள் முழுக்கச் சமமாக வருவதுமில்லை. நெரிசல் நேரத்தில் சேர்ந்த வரிசை, நெரிசல் தணிந்த பின்னும் கரைய நேரம் எடுக்கும். ஆகவே சராசரிச் சூத்திரம் மட்டும் போதாது. நிமிடத்துக்கு நிமிடம் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

வரிசையில் நிற்கும் ஒவ்வொரு விமானமும் எரிபொருளை எரித்துக்கொண்டே நிற்கிறது. சரி, பயணிகள் ஏறும் வாயிலிலேயே இன்ஜினை அணைத்து நிறுத்தினால்? 2010இல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் இதைச் சோதித்தார்கள். தரையில் நகரும் விமானங்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வைத்தார்கள். எல்லையை மிகக் குறைத்தால் ஓடுபாதை காலியாகும், கூட்டினால் பழைய வரிசை திரும்பும். அதனால் வானிலையும் பயன்படும் ஓடுபாதையும் மாறும்போது அந்த எண்ணையும் மாற்ற வேண்டியிருந்தது.