வீட்டுச் சாப்பாடு மட்டுமே சாப்பிட்டவருக்கு ரத்தத்தில் கிருமி எப்படி வந்தது?

"வெளிச் சாப்பாடு ஒரு வாய்கூடக் கொடுக்கல டாக்டர். தண்ணியைக்கூடக் கொதிக்க வச்சுத்தான் கொடுத்தேன்."

ஐ.சி.யூ. வாசலில் நின்றபடி அந்த அம்மா இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே அவருடைய கணவர். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ போட்டுப் பத்தாவது நாள். முந்தின இரவு காய்ச்சல் 101. பாராசிட்டமால் போட்டதும் வேர்த்துக் கொட்டி இறங்கியிருக்கிறது, நிம்மதியாகத் தூங்கிவிட்டார்கள். காலையில் எழுப்பினால் பேச்சு குழறுகிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது பிரஷர் 70-க்கு வந்திருந்தது.

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரில், அன்று இரவே கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. "என் சமையல்லதான் ஏதாவது தப்பா?" என்று கேட்டார். இல்லை அம்மா. இந்தக் கிருமி பெரும்பாலும் அவர் குடலிலிருந்தே கிளம்பி வந்தது.

நம் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன; பெரும்பகுதி பெருங்குடலில். அவற்றுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது சளிப்படலமும், அதற்கு அடியில் ஒற்றை வரிசைச் செல்களும்தான். ஒரே ஒரு வரிசை! அந்தச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து, புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். வேகமாகப் பெருகும் செல்லைக் கொல்வதுதான் கீமோவின் வேலை. புற்றுச் செல் எது, குடல் செல் எது என்று அதற்குத் தெரியாது. வாயில் புண் வருகிறதே, அதே புண் உள்ளே குடல் நெடுகிலும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அதே நாட்களில்தான் வெள்ளணுவும் சரிகிறது. பாக்டீரியாவோடு சண்டை போடும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போய்விட்டால், குடல் சுவரைத் தாண்டி வரும் ஈ.கோலையையோ கிளெப்சியெல்லாவையோ தடுக்க ஆளில்லை. சீழ் பிடிப்பதற்கே வெள்ளணு வேண்டும். அதனால் வீக்கம் இருக்காது, சிவப்பு இருக்காது, வலிகூட இல்லாமல் போகலாம். பல பேருக்குக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அதையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால் எங்களுக்குத் தெரிய வேறு வழியே இல்லை.

இன்னொன்றும் கேட்டறிந்தேன். மூன்று வாரம் முன்பு தொண்டை வலி என்று மருந்துக் கடையில் சொல்லி இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டிருக்கிறார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சாதுவான பாக்டீரியாக்கள்தான் குடலில் பெரும்பான்மை. கிளெப்சியெல்லா போன்றவற்றைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பவை அவை. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் அவற்றை அழித்துவிடும். மருந்துக்கு மசியாத கிருமி காலியான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சளி, தொண்டை வலிக்கெல்லாம் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வீட்டில் தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 100.4 காட்டினால், குளிர் நடுக்கம் வந்தால், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். கேஷுவாலிட்டியில் முதல் வாக்கியமே "கீமோ போட்டு இத்தனையாவது நாள், காய்ச்சல்" என்பதாக இருக்கட்டும். ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் என்றால் எங்களைக் கேளுங்கள். வீட்டிலேயே எனிமா கொடுத்துவிடாதீர்கள். ஆசனவாயில் விழும் சின்னக் கீறல்கூட அந்தச் சமயத்தில் கிருமிக்கு வாசல்தான்.

அவர் ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்து வந்தார். அடுத்த கீமோவில், எட்டாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா தெர்மாமீட்டரைக் கையிலேயே வைத்திருந்தார். காய்ச்சல் 100.6. "மாத்திரை எதுவும் கொடுக்கல டாக்டர்" என்றார்.