டிசம்பர் பாட்டிலும் ஜூன் நாற்றங்காலும்

நுனி வெளுத்துக் கருகிய குறுவை நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, கடைமடைப் பகுதி விவசாயி ஒருவர் சென்ற வாரம் எங்கள் மண், நீர் ஆய்வகத்துக்கு வந்தார். நாங்களே கொடுத்த பரிசோதனை அறிக்கையை மேசைமேல் விரித்து, "நல்ல தண்ணீர் என்று நீங்கள்தானே சார் எழுதிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். அறிக்கையில், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸ் என்று இருந்தது. மாதிரி எடுத்ததோ டிசம்பர் மாதத்து மழை நாளில். அதே வடிவாய்க்காலில் ஆயில் எஞ்சின் வைத்து அவர் நாற்றங்காலுக்கு இறைத்தது ஜூன் மாதத்தில். இந்தப் பருவத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகிறது. அதுவரை வடிகால் நீரை நம்பித்தான் பலர் நாற்று விடுகிறார்கள். அதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எகிப்தின் எல்-சலாம் கால்வாய், நைல் ஆற்று நீரையும் வடிகால் நீரையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து பாசனத்துக்குத் தருவதற்கென்றே திட்டமிடப்பட்டது.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான்: ஒருமுறை சோதித்துவிட்டால் போதும் என்ற எண்ணம். நீர்ப் பரிசோதனை அறிக்கை ஜாதகம் அன்று, ஒருமுறை எழுதி ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்வதற்கு. அந்த வாய்க்காலில், அந்த நாளில், அந்த நேரத்தில் ஓடிய நீரில் ஒரு பாட்டில் அளவைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. மழைக்காலத்தில் நீர்த்துக் கிடக்கும் உப்பு, கோடையில் தேங்கிய குட்டையில் நீர் ஆவியாக ஆவியாகச் செறிகிறது. கடல்நீரைத் தடுக்கும் ரெகுலேட்டர் ஷட்டர் கசிந்தால் கடல்நீரும் ஏறி வருகிறது. சிலர் அடுத்தபடியாக, "ஆண்டுச் சராசரி 1.5 தானே" என்று வாதிடுகிறார்கள். ஏழு மாதம் 0.8, ஐந்து மாதம் 2.5 என்று ஓடினாலும் சராசரி 1.5 என்றே வரும். நெல்லில் விளைச்சல் குறையாமல் இருக்கப் பாசன நீர் 2-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக உணவு, வேளாண்மை அமைப்பின் வழிகாட்டி அளவு. உப்பைத் தாங்காத இளம் நாற்றுப் பருவத்தில் 2.5 நீரை விட்டுவிட்டு, சராசரியைக் காட்டிப் பயனில்லை.

இதற்கு வேண்டியது பெரிய கருவி அன்று; தொலைபேசிக் கருவிகளின் உற்பத்திக்காக 1924-இல் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம் போதும். அளவுகளைத் தேதி வரிசையில் புள்ளிகளாக இட்டு, வழக்கமான ஏற்ற இறக்கத்தின் எல்லையைக் கோடாகக் காட்டுவது அது. வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் அளந்து, பன்னிரண்டு அளவுகளின் சராசரி 1.25 என்றும், அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையிலான வேறுபாட்டின் சராசரி 0.15 என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 0.15-ஐ, இவ்வகை வரைபடத்துக்கென உள்ள மாறாத எண்ணான 2.66-ஆல் பெருக்கி 1.25-உடன் கூட்டினால் மேல் எல்லை 1.65. அடுத்த வாரம் 1.8 வந்தால், "2-க்குள்தானே இருக்கிறது" என்று எஞ்சினை இயக்காதீர்கள். 2 என்பது பயிரின் எல்லை, 1.65 என்பது அந்த வாய்க்காலின் சொந்த வழக்கத்தின் எல்லை. வழக்கம் மீறியிருக்கிறது என்றால் ஷட்டரோ, மேலே இருக்கும் இறால் பண்ணையின் கழிவுநீரோ, ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எல்லைக்குள்ளேயே இருந்தாலும், தொடர்ந்து எட்டு அளவுகள் சராசரிக்கு மேலே நின்றால் அதுவும் எச்சரிக்கைதான்.

இந்த இடத்தில் எங்கள் துறையினருக்கும் ஒரு சொல். மழைக்கால அளவுகளையும் கோடை அளவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு எல்லை கணக்கிடாதீர்கள். தினமும் அளந்த எண்களை அப்படியே இட்டாலும், இன்றைய நீர் பெரும்பாலும் நேற்றைய நீரின் தொடர்ச்சி என்பதால், எல்லைகள் பொய்யாகக் குறுகி, இல்லாத அபாயத்துக்கெல்லாம் மணி அடிக்கும். அளக்கும் கருவிக்கும் தனியே ஒரு வரைபடம் வேண்டும்: 25 டிகிரியில் 1.413 காட்ட வேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசல் 1.5 காட்டினால், பிழை வாய்க்காலில் இல்லை, நம் மேசையில் இருக்கிறது.

விவசாயிகளிடம் கேட்பது இவ்வளவுதான். குளிர்பான பாட்டிலின் அடியில் மிச்சம் ஒட்டியிருக்க, அதிலேயே தண்ணீர் பிடித்து வராதீர்கள். அதே வாய்க்கால் நீரால் மூன்று முறை அலசிவிட்டு, கரையோரத்தில் மொண்டு எடுக்காமல், நடு ஓட்டத்தில் மேல்மட்டத்துக்குக் கீழே மொள்ளுங்கள். தேதியோடு நேரத்தையும், ஷட்டர் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் பாட்டில்மேல் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சோடியத்தையும் கார்பனேட்டையும் முழுமையாகச் சோதியுங்கள். உப்புக் குறைவாகக் காட்டும் நீரும், இவை மிகுந்திருந்தால் நிலத்தைக் களராக்கும். ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினால் மடையை அடைத்துவிட்டு, அன்றே இன்னொரு மாதிரி எடுங்கள். அதுவும் தாண்டினால், ஆற்றுநீர் வரும்வரை பொறுங்கள், அல்லது நல்ல போர் நீர் இருந்தால் கலந்து, கலந்த பிறகும் அளந்து பார்த்துப் பாய்ச்சுங்கள்.

நாற்றைக் கொண்டுவந்தவருக்கு ஒரு வரைதாளும் பென்சிலும் கொடுத்து, டிசம்பரில் எடுத்த 1.2-ஐ முதல் புள்ளியாக வைக்க முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.