நாக்கின் மேல் விழும் படம்

பார்வையற்ற ஒருவர் நாக்கில் சிறு பட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, மேசையில் உருண்டுவரும் பந்தை எட்டிப் பிடிக்கும் காணொளியைப் பார்த்திருக்கிறார் ஒரு வாசகர். “கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கும் பயிற்சிகளைப் போல இதுவும் பித்தலாட்டம்தானே?” என்று கேட்கிறார். சந்தேகப்படுவது நல்லதுதான். அந்தக் கண்கட்டுப் பயிற்சிகளில் மூக்கோரத்து இடுக்கை அடைத்துவிட்டால் ஞானதிருஷ்டி பறந்துவிடும். இங்கே கேமராவைக் கையால் மூடினால்தான் பார்வை போகும். கேமராவோ யாருக்கும் ஒளிக்காமல் மூக்குக்கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

கருவியின் பெயர் பிரெயின்போர்ட். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் இதற்கு அனுமதி தந்தது. கேமரா எடுக்கும் படத்தை ஒரு சிறு கணினி 400 புள்ளிகளாகச் சுருக்குகிறது. நாக்கின் மேல் இருக்கும் பட்டையில் அதற்கேற்ப 400 மின்முனைகள். வெளிச்சமான புள்ளிக்கு வலுவான துடிப்பு, மங்கலுக்கு மெல்லியது, இருட்டுக்கு ஒன்றுமில்லை. சோடாவின் குமிழ்கள் நாக்கில் வெடிப்பது போலிருக்கும் என்கிறார்கள் பயன்படுத்தியவர்கள்.

விரல் இருக்க நாக்கு எதற்கு? விரல் தோலின் மேல் செத்த செல்கள் தடித்த படலமாகப் படிந்திருக்கின்றன. மின்சாரம் எளிதில் உள்ளே நுழையாது. நாக்கிலோ நரம்பு முனைகள் மேலாகவே கிடக்கின்றன. உமிழ்நீரும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். விரல் நுனிக்கு வேண்டிய மின்னழுத்தத்தில் சுமார் 3 சதவீதமே நாக்குக்குப் போதும்.

இதுவரை சொன்னது வெறும் பொறியியல். நாக்கில் குறுகுறுக்கும் ஒன்று எப்படி ‘எதிரே இரண்டடி தள்ளி ஒரு பந்து’ ஆகிறது என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி.

ஒரு பேனாவை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மேசையின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு எங்கே தெரிகிறது? பேனா முனையில். அங்கே ஒரு நரம்பும் கிடையாது. அதிர்வை உணர்வது விரல்கள். ஆனாலும் மூளை அந்த உணர்வை விரலில் வைக்காமல் முனையில் கொண்டுபோய் வைக்கிறது. வெள்ளைக்கோலுடன் நடப்பவருக்குத் தரையின் பள்ளம் கோலின் நுனியில் தெரிவதும் இப்படித்தான்.

பால் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் 1969இல் இதையே ஒரு நாற்காலியில் செய்து காட்டினார். பழைய பல் மருத்துவ நாற்காலி. அதன் முதுகுப் பக்கம் 400 அதிர்வு முனைகள். ஒரு தொலைக்காட்சிக் கேமரா. படம் முதுகில் அதிர்வாக விழும். கேமரா அசையாமல் நின்றபோது, உட்கார்ந்திருந்த பார்வையற்றவருக்கு முதுகில் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டுவது மட்டுமே தெரிந்தது. கேமராவைத் திருப்பும் பிடி அவர் கைக்கே வந்து, கொஞ்சம் பழகியதும், முதுகு மறந்துபோனது. பொருள்கள் முன்னால் வந்து நின்றன.

காரணத்தை இப்படிச் சொல்லலாம்: “நான் இடப்பக்கம் திரும்பினேன், புள்ளிகளெல்லாம் வலப்பக்கம் ஓடின” என்று மூளை கணக்குப் பார்க்கிறது. தன் அசைவுக்குச் சரியாகப் பதில் சொல்லும் மாற்றம் தோலில் நடப்பதாக இருக்க முடியாது. வெளியே ஏதோ அசையாமல் நிற்கிறது என்று முடிவு கட்டுகிறது. திருப்புவது தானில்லை என்றால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. ஒருமுறை, உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாமல் யாரோ ஜூம் லென்ஸை நகர்த்திவிட்டார்கள். படம் சட்டென்று பெரிதானது. அவர் கைகளை உயர்த்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். அதிர்வு வந்ததோ முதுகிலிருந்து! அதற்குப் பயந்திருந்தால் முன்னாலல்லவா பாய்ந்திருக்க வேண்டும்?

நிதி வழங்கும் குழுவில் நான் உட்கார்ந்திருந்து, ‘பழைய பல் நாற்காலி ஒன்று, அதிர்வு முனைகள் நானூறு’ என்று ஒரு விண்ணப்பம் வந்திருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பிரித்திருப்பேன். அதனால்தான் சொல்கிறேன்: சிரிப்பு வரவழைக்கும் விண்ணப்பங்களுக்கென்றே ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. 400 புள்ளிகளில் கதவு எங்கே, கோப்பை எங்கே என்று தெரியும். புத்தகத்தின் சிறிய எழுத்து தெரியாது. பழகுவதற்கு மணிக்கணக்கில் பயிற்சி வேண்டும். வெள்ளைக்கோலையும் கீழே வைத்துவிட முடியாது. பயன்படுத்துபவரின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும் இன்னொரு சங்கடமும் உண்டு: என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், பட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அவர் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும், எடுத்த கணமே படம் போய்விடும்.