அது சாமி, நீ எங்கள் பிள்ளை

பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்தோடு தம் மனம் பொருந்தவில்லை என்று சொல்லும் இளையோரையும், அவர்களை அழைத்து வரும் பெற்றோரையும் மனநல ஆலோசகர் என்ற முறையில் ஒரே அறையில் சந்திக்கிறேன். "நம்ம பண்பாட்டுல இதெல்லாம் கிடையாது" என்ற வாக்கியத்தை அந்த அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். அண்மையில் அப்படிச் சொன்ன ஒரு தந்தை நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்). அதுவரை தலை குனிந்திருந்த பிள்ளை, தன்னை மகள் என்று அழைக்கும்படி வேண்டி வந்தவர், மெல்லக் கேட்டார்: "அப்பா, நீங்க தினமும் கும்பிடுற சாமிக்கு எந்தக் காதுல தோடு?" தந்தை பேசவில்லை. தாய்தான் சொன்னார்: "அது சாமி. நீ எங்க பிள்ளை."

தந்தை சொன்னது பிழை. ஞானசம்பந்தர் பாடிய முதல் பதிகமே 'தோடுடைய செவியன்' என்றுதான் தொடங்குகிறது. குழை ஆண் அணிவது, தோடு பெண் அணிவது. ஆகவே விடையையும் பிறையையும் சுடலைப்பொடியையும் சொல்வதற்கு முன்பே இறைவனின் பெண்பாதியை அந்தப் பாடல் சொல்லிவிடுகிறது. திருச்செங்கோட்டில் மூலவரே அர்த்தநாரீசுவரர். திருவெண்காட்டில் கிடைத்து இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் 11ஆம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனியில் வலப்புறம் இரண்டு கைகளும் இடப்புறம் ஒரு கையுமாக, தோளும் மார்பும் இடையும் பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்டிருந்தாலும், இரண்டை ஒட்டவைத்த தடம் எங்கும் தெரிவதில்லை. அதன் முன் நின்றபோதெல்லாம் ஓர் உடலைத்தான் பார்த்தேன், இரண்டு பாதிகளைப் பார்த்ததில்லை. மோகினியாக வந்த திருமாலும், விராடனின் அரண்மனையில் பிருகன்னளையாக நடனம் கற்பித்த அர்ச்சுனனும் எல்லோரும் அறிந்தவர்களே.

மாணிக்கவாசகர் இறைவனைப் 'பெண்ணாகி ஆணாய் அலியாய்' நின்றவன் என்று பாடுகிறார். அவர் துதியில் வைத்த மூன்றாவது சொல் இன்று தெருவில் வசவாகிவிட்டது. அந்த வசவை நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள் என் எதிரில் அமர்வதால், திருநங்கை, திருநம்பி என்ற சொற்களையே பெற்றோருக்கு முதலில் பழக்குகிறேன்.

பௌத்தத்தில் இந்தச் செய்தி இன்னும் வியப்பானது. வீரசோழியம் என்னும் இலக்கண நூல் அகத்தியருக்குத் தமிழ் கற்பித்தவராகச் சொல்லும் அவலோகிதர் என்ற போதிசத்துவர், இந்தியச் சிற்பங்களில் ஆண்; சீனத்துக்குச் சென்று பல நூற்றாண்டுகள் கழிந்தபின் குவான்யின் என்னும் பெண்ணாக வணங்கப்படுகிறார். உயிர்களைக் காக்க அவர் எடுக்கும் வடிவங்களாகத் தாமரைச் சூத்திரத்தின் சீன மொழிபெயர்ப்பு எண்ணும் 33இல் பெண் வடிவங்களும் உண்டு. விமலகீர்த்தி சூத்திரத்தில், "நீ ஏன் பெண்ணுடலை மாற்றிக்கொள்ளவில்லை?" என்று கேட்கும் புத்தரின் சீடர் சாரிபுத்திரரிடம், பெண்மை என்ற ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தேடியும் கிடைக்கவில்லை என்கிறாள் ஒரு தேவதை, பிறகு அவரைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டு அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்கிறாள். இவற்றையெல்லாம்விட என்னைத் தொட்டது, பௌத்தத் துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் உள்ள ஒரு சிறு விதி. ஆண் துறவி ஒருவருக்குப் பெண்ணின் இயல்புகள் தோன்றியபோது, அதே குருவையும் துறவேற்ற அதே ஆண்டுக் கணக்கையும் இழக்காமல் அவர் பிக்குணிகளோடு சேரலாம் என்று புத்தர் அனுமதிக்கிறார். அங்கே கண்டனமும் விசாரணையும் இல்லை; அவர் வாழ்ந்த ஆண்டுகள் அவருடையவையாகவே இருக்கின்றன.

ஆனால் அதே விநயம், ஆண்மையின் வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்களாகக் கருதி 'பண்டகர்' என்று வகுக்கப்பட்டவர்களுக்குத் துறவையே மறுக்கிறது. கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவில், பாரதப் போரில் பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் மறுநாளே அதை அறுத்து அழுகிறார்கள். மரபு முழுவதும் கனிவானது என்று பெற்றோரிடம் நான் சொல்வதில்லை, அது பொய்யாகிவிடும்.

'அது சாமி' என்று தாய் சொன்னதோ, அவர் நினைத்த பொருளில் இல்லாவிட்டாலும், சரி. அர்த்தநாரி ஒரு தத்துவ வடிவம். அந்தப் படிமத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பெற்றோர், "உடம்பு பாதி ஆண் பாதி பெண்ணா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். உடற்கூற்றில் பிறவியிலேயே வேறுபாடு இருப்பது ஊடுபால். தன்னைப் பெண்ணென்றோ ஆணென்றோ உணர்வது பாலின அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையற்ற பரிசோதனைகளுக்குப் பிள்ளையை அலைக்கழிக்கும் குடும்பங்கள் உண்டு. குறிக்கப்பட்ட பாலினத்தோடு மனம் பொருந்தாத நிலையாகிய பாலின ஒவ்வாமையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கிவிட்டது. பாலின அடையாளத்தை 'மாற்றிவிடும்' சிகிச்சையை இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மருத்துவருக்குரிய ஒழுக்கத்தை மீறிய குற்றமாக அறிவித்தது. மந்திரித்தும் மருந்து கொடுத்தும் 'சரிசெய்து' தருவதாகச் சொல்பவரிடம் பணத்தையும் பிள்ளையின் நம்பிக்கையையும் தொலைக்க வேண்டாம்.

'தெய்வப் பிறவி' என்று போற்றுவதிலும் எனக்கு அச்சம் உண்டு. திருநங்கையிடம் ஆசி வாங்கக் கை நீட்டுபவரே அவருக்கு வாடகைக்கு வீடு தர மறுப்பதைப் பலர் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். பீடத்தில் ஏற்றப்பட்டவருக்குக் கோபப்படவும் தேர்வில் தோற்கவும் காய்ச்சலில் படுக்கவும் உரிமை இல்லாமல் போகிறது. அன்று தோட்டைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது வழிபாடன்று. வீட்டுக்குள் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரல். ஆகவே தெய்வக் கதைகளை 'இது புதிதன்று' என்று காட்டும் அளவோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரத்தைப் பெயர், உடை, படிப்பு, தூக்கம் பற்றிய பேச்சுக்கே ஒதுக்குகிறேன்.

நான்காவது அமர்வுக்குத் தந்தை வரவில்லை. உறவினர் திருமணம் ஒன்று வருவதாகவும், பிள்ளை என்ன உடுத்தி வருவது என்று தெரியவில்லை என்றும் தாய் என்னிடம் சொன்னார். அதை அவளிடமே கேட்கலாமே என்றேன். சற்று நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, நாற்காலியை மகளின் பக்கம் திருப்பிக் கேட்டார்.