சமர்த்துப் பிள்ளைகளைப் பற்றிய கவலை

போரிலிருந்து தப்பி வந்த பெற்றோர் என்னிடம் முதலில் காட்டுவது அழுகிற பிள்ளையைத்தான். இரவில் அலறி எழுகிறவன், மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கியவன், கதவு படாரென்று சாத்தினால் மேசைக்கடியில் பதுங்குகிறவன். "இவனைக் கொஞ்சம் பாருங்க டாக்டர். பெரியவளைப் பத்திக் கவலையே இல்ல, அவ ரொம்பச் சமர்த்து."

எனக்கு அந்தப் பெரியவளைப் பற்றித்தான் கவலை.

பத்து வயதிருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தம்பியின் மூக்கைத் துடைத்துவிடுவாள். பேசும்போது அம்மாவின் குரல் கம்மினால், மீதியை இவள் சொல்லி முடிப்பாள். அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் எந்தப் பையில் இருக்கின்றன என்பது வீட்டிலேயே அவளுக்குத்தான் தெரியும். மேசைமேல் கலர் பென்சில்களை வைத்தால், "தம்பிக்குக் குடுங்க" என்பாள். (இவள் ஒரு பிள்ளை அல்ல. பலரை அடையாளம் தெரியாதபடி கலந்து எழுதுகிறேன்.)

இந்தச் சமர்த்து எப்படி வருகிறது? அப்பா காணாமல் போயிருப்பார். அம்மா உடலால் அருகில் இருந்தாலும் கூப்பிட்டால் திரும்பமாட்டார். தான் அழுதால் அம்மா இன்னும் உடைந்துபோவார் என்பதை ஒரு பிள்ளை இரண்டு நாளில் புரிந்துகொள்ளும். அதன்பிறகு அழாது. குண்டு இங்கிருந்து போகிறதா, இங்கே வருகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லும். பதுங்குகுழியில் கைக்குழந்தையின் வாயை எப்போது பொத்த வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். இவை உயிரைக் காத்த திறமைகள். அதனால்தான் சண்டை ஓய்ந்த பிறகும் உடம்பு அவற்றைக் கீழே வைக்க மறுக்கிறது. வகுப்பில் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை ஆசிரியர் 'கவனமில்லாதவள்' என்று எழுதுகிறார். அவள் கவனம் முழுவதும் வெளியே வரும் சத்தத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குழந்தைகளின் மனநலத்தை ஆராய்ந்த அன்னா ஃபிராய்டும் டோரத்தி பர்லிங்ஹாமும் குண்டுவீச்சில் வீடிழந்த குழந்தைகளுக்குக் காப்பகங்கள் நடத்தினார்கள். குண்டு விழுந்த அதிர்ச்சியைவிடத் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளை அதிகம் பாதித்தது என்று அவர்கள் பதிவு செய்தார்கள். தாய் நிதானமாக இருந்தால் குழந்தையும் பெரும்பாலும் நிதானமாக இருந்ததையும் கவனித்தார்கள். என் அனுபவமும் இதுதான். ஆகவே பல குடும்பங்களில் நான் முதலில் வைத்தியம் பார்ப்பது அம்மாவுக்கு. அவர் நிமிர்ந்து உட்காராமல் அந்தப் பெண் தன் காவல் வேலையை விடமாட்டாள்.

ஒரு சின்ன எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. 18 வயதுவரை குழந்தை என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் 38ஆம் பிரிவில் படையில் சேர்க்கும் வயதை மட்டும் 15 என்று வைத்தார்கள். 2000இல் அந்த உடன்படிக்கையோடு சேர்த்த கூடுதல் நெறிமுறைதான் கட்டாய ஆள்சேர்ப்புக்கும் நேரடிச் சண்டைக்கும் 18 என்று உயர்த்தியது. பிள்ளைகளைப் படைகளில் சேர்ப்பதைத் தடுக்க 2007இல் வகுத்த பாரிஸ் கோட்பாடுகள், துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமல்ல, படைக்குச் சமைத்த, சுமை தூக்கிய, தூது போன பிள்ளைகளும் போரில் பயன்படுத்தப்பட்டவர்களே என்றன. என் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. அவர்கள் சுமந்தது வீட்டை.

விளையாட்டிலும் இது தெரியும். பொம்மையைப் புதைப்பார்கள், தோண்டுவார்கள், மறுபடி புதைப்பார்கள். சிரிப்பு இருக்காது, கதை நகராது. பயந்துபோய் அந்த விளையாட்டைத் தடுக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஒரு ஆம்புலன்ஸ் பொம்மையை அருகில் வையுங்கள். பிள்ளை அதை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். "என்ன நடந்ததுன்னு சொல்லு" என்று தோண்டித் துருவவும் வேண்டாம். அது தானாகப் பேசும்போது கேட்க ஆள் இருந்தால் போதும்.

பொறுப்பை ஒரே நாளில் பிடுங்குவதும் தவறு. "இனி நீ குழந்தை, போய் விளையாடு" என்றால் அந்தப் பிள்ளைக்குத் தன் இடமே பறிபோனது போலிருக்கும். முதலில் அது செய்ததைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குங்கள்: சான்றிதழ் பை இனி அம்மாவிடம், தம்பியைத் தூங்கவைப்பது பாட்டியிடம். "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று எட்டு வயதுப் பையனிடம் சொல்லும் உறவினரை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, சாவதைப் பற்றிப் பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்துதல் என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே ஒரு மனநல மருத்துவரிடம் போங்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். முகத்தில் கவலை. "டாக்டர், பெரியவ கெட்டுப்போய்ட்டா. சொன்ன பேச்சு கேக்கறதில்ல. நேத்து தம்பிகிட்ட இருந்து சிவப்புப் பென்சிலைப் பிடுங்கி 'இது என்னோடது'ன்னு கத்தறா."

என்ன படம் வரைந்தாள் என்று கேட்டேன். அதைப் பார்க்கவில்லை என்றார்.