கண்ணோரத்து மருவில் கை வைக்கும் முன்

இமையில் மரு வந்தால் நம் வீடுகளில் முதலில் தேடுவது சுண்ணாம்பு, இல்லையென்றால் பால் வடிகிற செடி ஏதாவது, அதுவும் இல்லையென்றால் இறுக்கிக் கட்ட ஒரு முடி. கையிலோ கழுத்திலோ இதைச் செய்தால் தோல் புண்ணாகி ஆறிவிடலாம். கண்ணில் அப்படியில்லை. சுண்ணாம்பு காரம், ஈரத்தில் பட்டதும் கருவிழிக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், பல சமயம் அமிலத்தைவிட மோசமாகச் சேதம் செய்யும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கண் சிகிச்சைக்காக என்னிடம் வந்த, சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த அம்மா ஒருவருக்கு மேல் இமை ஓரத்தில் அரிசியளவு மரு. வேலியோரக் கள்ளியை ஒடித்து, பாலைத் தீக்குச்சி முனையில் தொட்டு வைத்திருக்கிறார். கண் சிமிட்டும்போது அது உள்ளே இறங்கிவிட்டது. ராத்திரியெல்லாம் எரிச்சல், காலையில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை, கருவிழியின் மேல்தோல் உரிந்து பார்வை மங்கியிருந்தது. மரு மட்டும் அப்படியே இருந்தது! இந்த மாதிரி ஏதாவது பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுங்கள், அப்புறம் கிளம்பி வாங்க. மருந்துக்கடையில் விற்கிற மரு மருந்துகளும் கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம், பலவற்றில் இருப்பது சாலிசிலிக் அமிலம்.

சரி, மரு என்று காட்ட வருகிறவை எல்லாம் மருவா? இல்லை. உண்மையான மரு எச்.பி.வி. வைரஸால் வருவது, மேல்பகுதி சொரசொரப்பாக இருக்கும். நடுவில் குழி விழுந்த முத்து மாதிரி இருப்பது பாலுண்ணி, அது வேறு வைரஸ். இமை ஓரத்தில் பாலுண்ணி ஒன்றே ஒன்று இருந்தாலும் அதிலிருந்து வைரஸ் கண்ணுக்குள் உதிர்ந்து, எந்தச் சொட்டு மருந்துக்கும் அடங்காமல் கண் சிவந்துகொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு இது சகஜம், பெரும்பாலும் தானாகவே போய்விடும். பெரியவர்களுக்கு முகம் முழுக்க வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்வேன். அதைக் கேட்டதும் முகம் சுருங்குகிறவர்கள் உண்டு, புரிகிறது. ஆனால் இந்த நாட்டில் அரசு கிளினிக்கிலேயே அதற்கு இலவச மாத்திரை கிடைக்கிறது, தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து.

இமைத் தோலில் மூக்குப் பக்கத்து ஓரத்தில் மஞ்சளாகப் படிவது கொழுப்பு. வலிக்காது, பார்வையையும் கெடுக்காது, ஆனாலும் கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். புரட்டாசி முழுக்கச் சைவம்தானே என்று பலர் சொல்கிறார்கள், பரம்பரையாக வருகிற கொலஸ்ட்ராலுக்கு அது போதாது. நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் மாரடைப்பு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று, வெள்ளை விழியில் வளர்கிற சதை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் ஏறுகிற சாதாரணச் சதை இங்கே நிறைய. அதே இடத்தில் அதே மாதிரி புற்றுநோயும் வரும், கொஞ்சம் தடித்து, வெள்ளைப் படலம் படிந்து, பருத்த ரத்தக் குழாய்கள் அதை நோக்கி ஓடும். தென்னாப்பிரிக்காவில் வெயிலும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து இதை இளவயதினருக்கே கொண்டுவருகின்றன. சீக்கிரம் வந்தால் சின்ன அறுவை சிகிச்சையோடு, சிலருக்குச் சொட்டு மருந்தோடு முடிந்துவிடும். விட்டால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்.

இன்னொன்று, வயதானவர்களுக்கு இமையில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வருகிற வலியில்லாத கட்டி. எண்ணெய்ச் சுரப்பி அடைத்து வருகிற சாதாரணக் கட்டி, சூடான ஈரத்துணியைப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நாலு முறை வைத்தால் சில வாரங்களில் பெரும்பாலும் கரையும். கரையவில்லை, எடுத்த பிறகும் அதே இடத்தில் வருகிறது, அங்கே இமை முடி உதிர்ந்திருக்கிறது என்றால் அந்தச் சுரப்பியின் புற்றுநோயா என்று பயாப்ஸி எடுத்துத்தான், அதாவது கொஞ்சம் சதையை எடுத்து லேபில் சோதித்துத்தான், சொல்ல முடியும். தாத்தா, ஆயாவின் முகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், இமை முடி இல்லாத இடமோ, ஆறாமல் பொருக்கு தட்டுகிற புண்ணோ இருந்தால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

தனியாரிடம் போக வசதியில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து கிளினிக்கில் காட்டிக் கடிதம் வாங்கினால் அரசுக் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். காத்திருக்கிற நாட்களில் வாரம் ஒருமுறை போனில் படம் எடுத்து வையுங்கள், வளர்கிறதா என்பது எங்களுக்கு அதில் தெரியும். எடுத்த சதையை லேபுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள், ரிசல்ட்டை வாங்க மறுபடி போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.